மேடையில் விழுங்கிய மாத்திரை

ஒரு மனுஷன் மாத்திரை விழுங்குவதை வேடிக்கை பார்க்க ஊரே கூடும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கீரப்பாளையத்தில் கூடியது. இரண்டாயிரத்து ஏழில் ஆரம்பித்து வருஷா வருஷம் ஷாமியானா போட்டு, மைக் செட் கட்டி, வாசலில் வாழைமரம் நட்டு, சடையப்பனை மேடையேற்றி மாத்திரை விழுங்க வைத்தார்கள். காது குத்துக்குக்கூட அந்த ஊரில் அவ்வளவு ஜனம் சேர்ந்ததில்லை.

இதையெல்லாம் நடத்தியது கடலூரில் இருந்த யானைக்கால் வழியனுப்பு இயக்ககம். ஒழிப்பு என்று பெயர் வைத்தால் நிஜமாகவே ஒழிக்க வேண்டியிருக்குமே என்று எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ தெரியவில்லை. வழியனுப்பு என்றால் ஒரு தொல்லையும் கிடையாது. மாலை போட்டு, மேளம் அடித்து, கையை ஆட்டிவிட்டு வந்துவிடலாம். போவதும் போகாததும் நோயின் சொந்த விஷயம்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொசுக்கடி வழியாக உடம்புக்குள் நுழைகிற நூல் மாதிரியான ஒரு புழு, நிணநீர்க் குழாய்களில் வருஷக்கணக்கில் வாடகை கொடுக்காமல் குடியிருந்து, கடைசியில் காலை யானைக்கால் ஆக்கிவிடும். அதைத் தடுக்க வருஷத்துக்கு ஒரு வேளை ஊரில் எல்லாரும் மாத்திரை சாப்பிட வேண்டும். ஊர் ஜனமோ, நல்லா இருக்கிற காலுக்கு எதுக்குய்யா மருந்து என்று மாத்திரையை வாங்கிப் பரணில் போட்டது, ஜன்னல் விளிம்பில் வைத்தது, சில வீடுகளில் கோழிக்கும் போட்டுப் பார்த்தது. ஆகவே இயக்ககத்துக்கு ஒரு முன்மாதிரி மனிதர் தேவைப்பட்டார்.

அந்தப் பதவிக்குச் சடையப்பனைத் தேர்ந்தெடுத்தது அவருடைய கால்களுக்காக. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கால்கள் அவை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடந்தால் எதிரே வருகிற மாடு ஒதுங்கும். அவர் பெண்டாட்டி புஷ்பவள்ளியின் தம்பி அய்யனார், அந்த வட்டாரத்துக்கே சுகாதார ஆய்வாளன். அவன்தான் மாமாவின் கால்களைப் பற்றி மேலிடத்தில் சொன்னவன். இயக்ககத்தின் துணை இயக்குநர் தங்கராசு ஜீப்பில் வந்து இறங்கி, சடையப்பனின் முகத்தைப் பார்க்காமல் முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்து, "அருமை, அருமை" என்றார்.

"மாமா, நீ ஒண்ணும் பண்ண வேணாம். மேடையில ஏறி முழுங்கு. அவ்ளோதான்," என்றான் அய்யனார்.

"முழுங்கறதுக்கு இன்னா மச்சான், நீ குடுத்தா வெசத்தக்கூட முழுங்குவேன்," என்றார் சடையப்பன். அவர் அப்படிப்பட்ட ஆள். சொன்னால் நம்புவார். ரேஷன் கடைக்காரன் நாளைக்கு வா என்றால் நாளைக்குப் போய் நிற்கிற ஆள்.

விழாவில் முதலில் பொன்னாடை. பிறகு தங்கராசுவின் பேச்சு. அது முடிகிற அறிகுறி எதுவும் தெரியாத நேரத்தில் திடீரென்று முடியும். அய்யனார் ஒரு வெள்ளித் தட்டில் பட்டுத்துணி விரித்து அதன் மேல் மாத்திரையைக் கொண்டு வருவான். சடையப்பன் எடுத்து, கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டி, வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். உடனே தங்கராசு மைக்கைப் பிடித்து, "வாயைத் திறக்கவும்! நாக்கைத் தூக்கவும்! இடப்பக்கம்! வலப்பக்கம்!" என்று கட்டளையிட்டு, குனிந்து எட்டிப் பார்த்து, "விழுங்கிவிட்டார்!" என்று அறிவிப்பார். வேட்டுச் சத்தம் அண்டை ஊர் வரைக்கும் கேட்கும். சடையப்பனின் கால்கள் மட்டும் தெரிகிற பேனர் பஸ் ஸ்டாண்டில் தொங்கும். அந்தக் கால் தன் புருஷனுடையது என்று புஷ்பவள்ளி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள்.

விழா முடிந்த மறுநாள் அங்கன்வாடி பட்டம்மாள் வீடு வீடாக மாத்திரை கொண்டு வருவாள். புஷ்பவள்ளி விழுங்குவாள், மகள் சத்யப்பிரியாவையும் அதட்டி விழுங்க வைப்பாள். சடையப்பனின் பங்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"அவரு மேடையிலயே முழுங்கிட்டாரு பட்டம்மா. ரெண்டு வாட்டி குடுக்கக் கூடாதுன்னு தம்பி கண்டிஷனா சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அது சரி, மேடையில முழுங்குனது ஊருக்கே தெரியுமே," என்று பட்டம்மாள் அதை டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்படியே காலம் போயிற்று. இரண்டாயிரத்துப் பத்தில், லால்பேட்டையில் மில் கூட்டாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்தார் சடையப்பன். மறுநாள் காலையில் ஒதுங்கியவர் அப்படியே திகைத்து நின்றுவிட்டார். மூத்திரம் வெள்ளை. அரிசி களைந்த தண்ணீர் போல என்று சொல்ல முடியாது. பால். டீக்கடையில் ஊற்றுகிற பாலைவிடக் கெட்டியான பால்.

கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? பிறகு அதில் தயிர் மாதிரிக் கட்டி வந்து அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. உடம்பு இளைத்தது. தோளில் ஏற்றிய மூட்டை தோளிலேயே நிற்காமல் சரிந்தது. மில் முதலாளி நல்ல மாதிரியாக, "சடையா, நீ கொஞ்ச நாளு சாக்கு தையி," என்று ஊசியைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார். மூட்டை தூக்கிய மனுஷனுக்கு அதைவிட அவமானம் உண்டா? அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டே அழுதார். புஷ்பவள்ளி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

அய்யனார் வந்தான். கேட்டான். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிப்போனது.

"மாமா, இத வெளிய யாருகிட்டயும் சொல்லாத. மாத்திர முழுங்குன ஆளுக்கே இப்டின்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சா, திட்டமே நாறிப் பூடும்."

"நான் எதுக்கு மச்சான் சொல்லப் போறேன். எனக்கு நோவு போனா சரி."

"நம்ம ஆபீஸ் இருக்குது. நம்ம ஆளுங்க இருக்காங்க. கடலூருக்கு வா."

நம்ம ஆபீஸ் என்ற வார்த்தையில் சடையப்பனுக்குப் பாதி நோய் குணமாகிவிட்டது. ஆய்வுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் விடியற்காலை பஸ் ஏறி, இயக்ககத்தின் வாசலில் போய் நின்றார். தங்கராசு அவரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குனிந்தார். இடது கெண்டைக்காலை அளந்தார். வலதை அளந்தார். இரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"வீக்கம் இல்லை. ஆகவே நோய் இல்லை," என்றார்.

"சார், காலு நல்லாத்தான் சார் இருக்குது. ஒண்ணுக்குத்தான் பாலா போவுது."

"சடையப்பன், இந்த அலுவலகத்தின் பெயர் என்ன? யானைக்கால் வழியனுப்பு இயக்ககம். கால்! நீங்கள் காலைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். கால் வீங்கட்டும். ஓடோடி வந்து பார்க்கிறோம். அதற்குத்தான் அரசு எங்களை உட்கார வைத்திருக்கிறது."

இருந்தாலும் முன்மாதிரி மனிதர் என்பதால் லேபுக்கு அனுப்பினார். லேபில் இருந்த ராபர்ட், சடையப்பன் பிடித்துக் கொடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பட்டினி கிடந்து வந்த உடம்பு. மூத்திரம் பளிங்கு மாதிரி இருந்தது.

"இன்னாய்யா, குழாயில புடிச்சிக்கினு வந்தியா? எங்க இருக்குது பாலு?"

"மெய்யாலுமே போச்சு சார். நேத்திக்கி முட்டக் கொழம்பு சாப்ட்டேன், அப்டியே வெள்ளையா போச்சு."

"நேத்திக்கிப் போனத இன்னிக்கி நான் எப்டிய்யா எழுதறது? சரி, ரத்தம் பாக்கலாம். ஆனா இந்தப் பூச்சி ராத்திரியிலதான் ரத்தத்துக்கு வரும்."

"அப்ப ராத்திரி வரட்டுமா சார்?"

"ராத்திரி லேப் கெடையாது."

"பகல்ல எடுத்துக்கிறீங்களா?"

"பகல்ல பூச்சி வராது."

"அப்ப எப்ப சார் வர்றது?"

ராபர்ட் யோசித்துவிட்டு, "காலையில எட்டரைக்கு வந்துடு. வெறும் வயித்துல," என்றார்.

சடையப்பன் அப்படியே போனார். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் பட்டினியோடு போய், தெளிந்த மூத்திரத்தைக் கொடுத்து, காலை அளக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பஸ் ஸ்டாண்டில் பசி தாங்காமல் பரோட்டாவும் குருமாவும் தின்பார். வீடு வந்து சேரும்போது மறுபடியும் பால் வரும். புழு ராத்திரி ஷிப்டு, ஆபீஸ் பகல் ஷிப்டு என்றால் இரண்டும் எங்கேதான் சந்திக்கும்? இந்தக் கேள்வி அந்த ஆபீஸில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நமக்குத்தான் வயிறு எரிகிறது.

அடுத்த வருஷம் விழா வந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தொளதொளவென்று ஆடியது. ஆனால் கால்களில் எலும்பு உறுதி பழையபடியே இருந்ததால் தங்கராசுவுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் வைத்து, சடையப்பன் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எனக்கு இன்னொரு மாத்திர சேத்துக் குடேன். ஊருல இருக்கறவனுக்கெல்லாம் ஒண்ணு போதும். எனக்கு நோவு இருக்குதே."

அய்யனார் வேறு எங்கோ பார்த்தான். "வேணாம் மாமா. ஜாஸ்தி ஆயிடும்."

சடையப்பன் தலையாட்டிவிட்டு மேடை ஏறினார். அந்த வருஷம் மாத்திரையை உயர்த்திக் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு குலசாமி வீரனாரை வேண்டிக்கொண்டுதான் விழுங்கினார். கூட்டம் கை தட்டியது.

அந்த வருஷக் கடைசியில் தானே என்கிற புயல் அடித்து மில்லின் கூரை பறந்தது. பொங்கல் கழிந்து, கூரைக்குப் புதுத் தகடு இறக்கும்போது சடையப்பன் மயங்கி விழுந்தார். கூட இருந்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு, கடலூருக்குப் போகாமல், பக்கத்தில் இருக்கிற சிதம்பரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே டாக்டர் ஜான்சி என்று ஒரு அம்மாள். இவர் கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்ப இன்னா சாப்ட்டுட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் வயிறு. நான் கரெக்டா இருப்பேன்."

"யாருங்க உங்கள வெறும் வயித்துல இருக்கச் சொன்னது? எதிர்த்தாப்புல ஹோட்டல் இருக்குது. நெய்ப் பொங்கலும் வடையும் சாப்ட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சிப் புடிச்சிக் குடுங்க."

பிடித்துக் கொடுத்தார். பால். டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

"சாப்பாட்டுல இருக்கற கொழுப்ப ரத்தத்துக்குக் கொண்டு போறதுக்கு உள்ள தனிக் குழாய் இருக்குது. புழு அத அடைச்சதுல குழாய் வீங்கி, ஒடஞ்சி, மூத்திரப் பாதைக்குள்ள ஒழுவுது. கால் வீங்கறவங்களுக்கு எந்தப் புழுவோ அதே புழுதான். உங்களுக்குக் காலுக்குப் போகல, உள்ள போயிடுச்சு. எண்ண, நெய், கறிய நிறுத்தணும், மாத்திர சாப்பிடணும். அப்புறம் ஒரு குழாய் விட்டுப் பாத்து, ஒழுவற எடத்துல மருந்து வச்சி அடைச்சிடலாம். நல்லாயிடுவீங்க."

நல்லாயிடுவீங்க என்ற சொல்லைக் கேட்டதும் சடையப்பனுக்கு மூட்டை தூக்குகிற தெம்பு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"மறுபடி மூட்ட தூக்கலாமா டாக்டர்?"

"பாத்துக்கலாம். உங்க ஆபீஸ்ல இவரு புழு நோயாளிதான்னு ஒரு பரிந்துரைக் கடுதாசி குடுத்தாங்கன்னா, திட்டத்துலயே இலவசமா பண்ணிடலாம். ஆமா, வருஷா வருஷம் மாத்திர குடுக்கறாங்களே, சாப்ட்டீங்களா?"

சடையப்பன் முதல் தடவையாகச் சிரித்தார். "டாக்டர், அத மட்டும் என்னப் பாத்துக் கேக்காதீங்க. மாத்திர முழுங்கறதுல இந்த ஜில்லாவுக்கே நான்தான் பேரு."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். அத்தனை வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் இவ்வளவு முற்றியிருக்கிறதே என்று ஒரு கேள்வியை எழுதி இயக்ககத்துக்கு அனுப்பினார்.

அந்தக் கேள்வி கடலூரில் போய் விழுந்த இடத்தில் பற்றிக்கொண்டது. ஏனென்றால், மாவட்டத்தை விட்டு நோய் போய்விட்டது என்று அறிவிக்கச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. முன்மாதிரி மனிதருக்கே நோய் என்றால் மாத்திரை தோற்றுவிட்டது என்று ஆகிவிடாதா? அவசரமாகக் கூட்டம் போட்டார்கள். சடையப்பனுக்கும் ஆள் அனுப்பினார்கள். கடுதாசி கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் புஷ்பவள்ளியையும் கூட்டிக்கொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

ஏசி அறை. முந்திரி, பிஸ்கட், டீ. நடுவில் சென்னை அதிகாரி, ஓரத்தில் அய்யனார். சென்னை அதிகாரி நேரடியாகவே கேட்டார்: "ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டவருக்கு நோய் என்றால், மாத்திரையில் குறையா?"

தங்கராசு எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, நமது மாத்திரைக்கு ஒருபோதும் களங்கம் வராது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஏனெனில், இவர் மாத்திரையே சாப்பிடவில்லை."

யாரையோ சொல்கிறார் என்று சடையப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"திட்டத்தின் தொடக்கத்தில் வேறோர் ஊரில், மேடையில் ஒருவருக்கு உண்மையான மாத்திரையையே கொடுத்தோம். அனுபவம் இல்லாத காலம். உடம்பில் புழு இருக்கிறவர்கள் மாத்திரை போட்டால், புழு சாகும்போது குளிர் ஜுரமும் வாந்தியும் வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் அந்த நபர் அடையாளத்தைச் சிறப்பு விருந்தினரின் பொன்னாடையில் காட்டிவிட்டார். ஊரே மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிற்று. அன்றே முடிவெடுத்தோம். மேடைக்கென்று தனி மாத்திரை! சுண்ணாம்புச் சத்து மாத்திரை! வெள்ளை நிறம், வட்ட வடிவம், எந்த விளைவும் கிடையாது. மேலும், இந்த மருந்தை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்பது விதி. விழாவில் சாப்பாடு பேச்சுக்குப் பிறகுதான். ஆகவே நாங்கள் விதியையும் மீறவில்லை."

"வெரி குட்," என்றார் சென்னை அதிகாரி. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ மாத்திரை ஜெயிச்சிடுச்சு."

"முழு வெற்றி ஐயா. சாப்பிடாத ஒருவருக்கு நோய் முற்றியிருக்கிறது. இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அது மட்டுமில்லை, ஐந்து வருடம் சுண்ணாம்புச் சத்து கொடுத்ததன் பலனை அவரது கால்களில் நீங்களே பார்க்கலாம்."

எல்லாரும் குனிந்து கால்களைப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

சடையப்பன் திரும்பி அய்யனாரைப் பார்த்தார். அய்யனார் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்," என்றார் சடையப்பன். "அப்ப என் பங்கு மாத்திர?"

"நீங்கள் விழுங்கியதாகக் கணக்கில் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை."

"அப்ப அந்தக் கடுதாசியயாவது குடுத்துடுங்க சார். நான் ஆசுபத்திரிக்குப் போறேன்."

தங்கராசு உண்மையாகவே வருத்தப்பட்டார். "மாத்திரையை மறுத்தவர்களுக்குப் பரிந்துரை கிடையாது, சடையப்பன். ஒத்துழைத்தவர்களுக்குத்தான்."

"நான் எப்ப சார் மறுத்தேன்?"

"சாப்பிடவில்லை அல்லவா? சாப்பிடாதவர்கள் எல்லாம் மறுத்தவர்கள்தான்."

"இப்பத்தான சார் முழுங்கிட்டேன்னு சொன்னீங்க?"

"அது கணக்குப் பிரிவு. இது பரிந்துரைப் பிரிவு. இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. டீ சாப்பிடுங்கள்."

வெளியே வந்தார். அய்யனார் பின்னாலேயே ஓடி வந்து தோளைப் பிடித்தான்.

"மாமா, உன் நல்லதுக்குத்தான் மாமா. மேடையில வாந்தி எடுத்திருந்தா உன் மானம் இன்னாவும்? நம்ம குடும்ப மானம் இன்னாவும்? மேலருந்து சொல்றாங்க, நான் இன்னா பண்றது? அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மாமா, உன் கால்ல வுழறேன்."

காலில் விழத்தான் விழுந்தான். அந்த ஜில்லாவில் அந்தக் காலுக்குக் கிடைக்காத மரியாதை இல்லை.

புஷ்பவள்ளி வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "கடுதாசி குடுத்தாங்களா? இவன் எதுக்கு கீழ கெடக்கறான்?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சடையப்பன் ஒரு கணம் நினைத்தார். அவளுக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா இல்லாத பையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஆனால் அவருக்குப் பொய் வராது. அதுவரைக்கும் வந்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை.

"நான் முழுங்குனது மாத்திர இல்லயாம் புஷ்பா. சும்மா சுண்ணாம்புச் சத்தாம். மச்சானுக்கு மொதல்லருந்தே தெரியுமாம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். ஆபீஸ் ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன.

"ஏண்டா அய்யனாரு, வூட்டுக்கு வந்த மாத்திரைய, அவரு பங்க, என் கையாலயே திருப்பிக் குடுக்க வச்சியேடா. வருஷா வருஷம் என் கையாலயே! நீ சொன்னன்னுதானடா குடுத்தேன்?"

"அக்கா, அது வந்து..."

"பேசாத. சத்யப்பிரியா கல்யாணத்துக்குத் தாய்மாமன்னு சொல்லிக்கினு சீர்த்தட்டத் தூக்கிக்கினு என் வாசல்ல வந்து நிக்காத. உன் தட்டுல இருக்கறது மெய்யான மஞ்சளா, மெய்யான தாலிக்கயிறான்னு எனக்கு எப்டிடா தெரியும்?"

அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சிதம்பரம் பஸ் ஏறினாள். சடையப்பன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் ஜான்சி நடந்ததைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த பேனாவை மேஜை மேல் எறிந்தார். வாய்க்குள் ஏதோ திட்டினார். "கடுதாசி வந்தா வருது, வராட்டிப் போவுது. நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்," என்று வார்டில் சேர்த்துவிட்டார். எண்ணெய் இல்லாத சாப்பாடு வந்தது. அதை முடித்த பிறகு பிரிசில்லா சிஸ்டர் சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டு வந்தார்.

அதே வெள்ளை. அதே வட்டம். சடையப்பன் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"முழுங்குங்கய்யா, எனக்கு இன்னும் ஆறு பெட்டு இருக்குது," என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர், இது மெய்யாவே அந்த மாத்திரதானா?"

"இதென்னங்கய்யா கேள்வி? ஆமா."

"அவுங்களும் அப்டித்தான் சொன்னாங்க."

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அட்டையையே கொண்டு வந்து காட்டினார். அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது.

"உங்கள ஏமாத்துனது நான் இல்லீங்களே," என்றார் டாக்டர் பொறுமையாக.

"என் மச்சானப் பத்தியும் அப்டித்தாம்மா நெனச்சேன்."

ஊரில் ஒருத்தரும் நம்பாத காலத்தில் மாத்திரையை நம்பிய மனுஷன், கையில் நிஜமான மாத்திரை வந்த பிறகு அதை வாயில் போடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் புஷ்பவள்ளி, "எனக்காவ முழுங்குங்க," என்று தண்ணீரை நீட்டினாள். அவளுக்காக விழுங்கினார். விழுங்கிவிட்டு, சிஸ்டர் போட்டுவிட்ட போர்வையை விலக்கி வைத்துவிட்டு, எதையோ எதிர்பார்க்கிற ஆள் மாதிரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். படுங்க என்று சொல்லியும் படுக்கவில்லை.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் அவருக்கு உடம்பு நடுங்கியது. தலை சுற்றியது. பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. புஷ்பவள்ளி பதறிப்போய், "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். பேசினை அவள் பிடித்துக்கொள்ள, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"புஷ்பா, ஜொரம் வந்துடுச்சு பாரு. வாந்தியும் வந்துடுச்சு. இது மெய்யான மாத்திரதான் புஷ்பா."

"ஆமாங்க, ஆமாங்க. பேசாதீங்க, படுங்க."

அவர் படுக்கவில்லை. சிரிப்பு போய், முகம் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழ ஆரம்பித்தார்.

"இத அன்னிக்கே குடுத்திருக்கலாமே புஷ்பா. வாந்திதான? மேடையத் தொடச்சி உட்டுட்டு நானே எறங்கிப் போயிருப்பனே."